பெற்றோல் பிரஷர் வொஷர்: எஞ்சினை ஏசுமுன் தண்ணீரைப் பாருங்கள்

மே மாத மழை பிடித்தால் கொழும்பு வீட்டு முற்றம் இரண்டு கிழமையில் பச்சை பிடித்துவிடும். இன்டர்லொக் கல், மதிலடி, படிக்கட்டு எல்லாம் வழுக்கும். தேய்த்துக் கழுவி அலுத்தவர்கள் தண்ணீரை அழுத்தத்தோடு அடிக்கும் பெற்றோல் பிரஷர் வொஷர் ஒன்றை வாங்குகிறார்கள், அல்லது நாள் வாடகைக்கு எடுக்கிறார்கள். எடுத்த அன்றைக்கே "பிரஷர் இல்லை", "விட்டு விட்டு அடிக்குது" என்று முறைப்பாடு வந்துவிடும். திருத்துகிற பாஸைக் கூப்பிட்டால் முதல் வேலையாகப் பம்பைக் கழற்றுவார். குற்றமோ பெரும்பாலும் மொட்டைமாடித் தாங்கியிலும் அதிலிருந்து வரும் ஒல்லிக் குழாயிலும் இருக்கும்.

கணக்கு இதுதான். 6.5 குதிரைவலு எஞ்சினும் 2500 முதல் 3000 பிஎஸ்ஐ வரை (ஏறத்தாழ 170 முதல் 200 பார்) தரும் பம்பும் உள்ள மெஷின் நிமிடத்துக்கு 8 முதல் 10 லீற்றர் தண்ணீர் கேட்கும். அது தண்ணீரை இழுத்து எடுக்கும் என்று நம்ப வேண்டாம். வந்து சேருவதைத்தான் அழுத்தித் தள்ளும். தாங்கி 10 மீற்றர் உயரத்தில் இருந்தால்தான் கீழ்க்குழாயில் 1 பார் அழுத்தம். ஒரு தட்டு வீட்டுக் கூரையில், குழாயிலிருந்து 4 மீற்றர் உயரத்தில் இருக்கும் தாங்கி தருவது 0.4 பார் மட்டும். அதையும் அரை அங்குல ஹோஸில் 30 மீற்றர் இழுத்துவந்தால் நுனியில் சொட்டுத்தான் மிச்சம்.

ஆகவே ஸ்டார்ட் பண்ணுமுன் வாளி வைத்துப் பாருங்கள். குழாயடியில் வைத்துப் பயனில்லை; மெஷினில் பூட்டப்போகும் ஹோஸின் நுனியைத்தான் வாளிக்குள் விட வேண்டும். 10 லீற்றர் வாளி 45 விநாடிக்குள் நிரம்பினால் வேலையைத் தொடங்கலாம். ஒரு நிமிடம் தாண்டினால் அந்த லைனில் மெஷினைப் பூட்ட வேண்டாம். முக்கால் அங்குல ஹோஸ் வாங்கி, நீளத்தை 15 மீற்றருக்குள் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அப்படியும் போதாவிட்டால் தாங்கியிலிருந்து வெளி வேலைக்கென்று தனியாக ஒரு முக்கால் அங்குல லைன் இறக்கலாம், அல்லது இடையில் சிறிய பூஸ்டர் பம்ப் வைக்கலாம். 1000 லீற்றர் தாங்கி, விடாமல் அடித்தால் 100 நிமிடத்தில் காலி. வீட்டில் குளிக்கக் காத்திருப்பவர்களிடம் முதலே சொல்லிவிடுவது நல்லது.

தண்ணீர் குறைந்தால் என்ன நடக்கும்? பம்புக்குள் வெற்றிடக் குமிழிகள் உண்டாகி வெடிக்கும். கூழாங்கல்லைத் தகரத்தில் போட்டுக் குலுக்கியதுபோல் ஒரு சத்தம் கேட்கும். அது கேட்டவுடன் எஞ்சினை நிறுத்துங்கள். அந்தக் குமிழிகள் வால்வையும் சீலையும் அரித்துவிடும். சுத்தமாகத் தண்ணீரே இல்லாமல் ஓரிரு நிமிடம் ஓடினாலும் சீல் சூடேறிக் கருகிவிடும்.

ஸ்டார்ட் பண்ணும் ஒழுங்கு

மெஷினைச் சமதரையில், காற்றோட்டமான வெளியில் வையுங்கள். கூரை இருக்கிறதே என்று போர்ட்டிகோவுக்குள் வைத்து ஓட்டக்கூடாது. புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. திறந்த ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போய்விடும். எஞ்சின் ஒயிலைக் குச்சியில் பாருங்கள். 200 சீசீ அளவு எஞ்சினுக்கு 0.6 லீற்றர் அளவு போகும். கொழும்பு வெயிலுக்கு எஸ்ஏஇ 30 அல்லது 10டபிள்யூ-30 சரி. பம்பின் ஒயில் வேறு. அதில் எஞ்சின் ஒயிலை ஊற்றாதீர்கள். பெற்றோலுக்கு 92 ஒக்டேனே போதும், 95 போட்டு ஒரு இலாபமும் இல்லை.

பிறகு நொசில் பூட்டாமல் தண்ணீரைத் திறந்து, கன்னின் (தண்ணீர் அடிக்கும் கைப்பிடியின்) விசையை அமத்திப் பிடியுங்கள். முதலில் துப்பித் துப்பி வரும். காற்றெல்லாம் போய் ஒரே சீராக ஓடும்வரை விடக்கூடாது. இதற்கு ஒரு நிமிடம் எடுக்கும், பலரும் பாய்ந்து தாண்டும் படி இதுதான். பின்பு நொசிலைப் பூட்டி, பெற்றோல் கொக்கைத் திறந்து, சோக்கை மூடி, சுவிட்சைப் போட்டு, விசையை இன்னொரு தடவை அமத்தி அழுத்தத்தை இறக்கிவிட்டுக் கயிற்றை இழுங்கள். கயிறு கல்லுப்போல் இறுகினால் உள்ளே அழுத்தம் நிற்கிறது என்று அர்த்தம். விசையை அமத்தினால் இளகிவிடும். எஞ்சின் பிடித்ததும் சோக்கை மெல்லத் திறந்துவிடுங்கள். சூடான எஞ்சினுக்குச் சோக் தேவையில்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போது விசையை விட்டுவிட்டு மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். அப்போது பம்புக்குள் அதே தண்ணீர் சுற்றிச் சுற்றிச் சூடேறும். 60 பாகை செல்சியஸ் அளவில் சூட்டு வால்வு திறந்து கீழே தண்ணீர் விடும். இதைப் பார்த்துப் பம்ப் ஒழுகுகிறது என்று கடைக்குத் தூக்கிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். கொட்டும் தண்ணீர் சுடுகிறதா என்று பாருங்கள். சுட்டால் வால்வு தன் வேலையைச் செய்கிறது.

நொசிலும் இடமும்

நொசிலின் நிறம் தண்ணீர் விரியும் கோணத்தைச் சொல்லும்: சிவப்பு 0 பாகை, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40. கறுப்பு சோப்புக்கு. வீட்டு வேலைக்குப் பச்சையும் வெள்ளையும் போதும். சிவப்பைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம். அது சீமெந்தையே கோடு கிழிக்கும். எந்த நொசிலாக இருந்தாலும் கை காலுக்கு நேரே பிடிக்கக்கூடாது. தோலுக்குள் தண்ணீர் ஏறினால் வெளியே குண்டூசித் துளைதான் தெரியும், உள்ளே தசை பழுதாகிக்கொண்டிருக்கும். நோகவில்லை என்று வீட்டில் இருக்காமல் உடனே தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இன்டர்லொக் முற்றத்துக்கு 60 சென்ரிமீற்றரில் தொடங்கி, தேவைப்பட்டால் 30 வரை கிட்டக் கொண்டுபோங்கள். நொசிலைச் சரித்து, கல் இடுக்கைக் குறுக்கே வெட்டும் திசையில் அடிக்க வேண்டும். இடுக்கின் நீளத்துக்கு அடித்தால் உள்ளிருக்கும் மணல் முழுவதும் கிளம்பிவிடும். அடுத்த மழைக்குக் கல் ஆடத் தொடங்கும். எப்படி அடித்தாலும் கொஞ்சம் போகும். நன்றாகக் காய்ந்தபின் மெல்லிய மணலைக் கொட்டித் தும்புத்தடியால் இடுக்குக்குள் கூட்டிவிடுங்கள். தடித்த பாசிக்கு முதலில் ரீசிஎல் பவுடர் (குளோரின் வெளிற்றும் தூள்) கரைத்த தண்ணீரை ஊற்றிக் கால் மணித்தியாலம் விடலாம். அதை மெஷினின் சோப்புக் குழாயால் இழுக்க விடாதீர்கள், சீல் கெட்டுப்போகும். கழிவறை அசிட்டோடு கலக்கவும் கூடாது, நச்சு வாயு வரும்.

அஸ்பெஸ்டஸ் சீற்றுக் கூரைக்கு மட்டும் இந்த மெஷின் வேண்டவே வேண்டாம். பாசியோடு நாரும் பெயர்ந்து முற்றத்துக்கும் பக்கத்து வீட்டுக்கும் தெறிக்கும். காய்ந்தபின் அதைத்தான் எல்லோரும் சுவாசிப்போம். மதிலில் வெளி விளக்கு, பிளக் பொயின்ட், மீற்றர் பெட்டி இருந்தால் அந்தப் பக்கம் தூரிகைதான். வாகனத்தின் ரயரிலும் கிட்டப் பிடிக்காதீர்கள். பக்கச் சுவர் வெட்டுப்படும்.

பழுது பிடித்தால்

எஞ்சின் நன்றாக ஓடுகிறது, பிரஷர் இல்லை என்றால் முதலில் கறுப்பு நொசில் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், அடிக்கடி நடப்பது. அடுத்தது தண்ணீர் நுழையும் வாயிலுள்ள வலைச் சல்லடை. தாங்கி அடியில் கிடக்கும் சேறும் பிவிசி துருவலும் வந்து அங்கேதான் அடைக்கும். ஹோஸ் பூட்டும் இடத்து ரப்பர் வொஷர் காய்ந்து வெடித்திருந்தால் தண்ணீர் வெளியே ஒழுகாவிட்டாலும் காற்றை உள்ளே இழுக்கலாம்.

விட்டு விட்டு அடித்தால் நொசிலைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் தடித்துச் சீராக வந்தால் அடைப்பு நொசிலில். மெல்லிய கம்பியை முன்பக்கத் துளையால் விட்டு, பின்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். நொசில் இல்லாமலும் துடித்தால் தண்ணீர் போதவில்லை, அல்லது விசையை விட்டதும் தண்ணீரைப் பம்புக்குள்ளேயே திருப்பிவிடும் அன்லோடர் வால்வு இறுகியிருக்கிறது. அன்லோடர் ஸ்குரூவை முறுக்கிப் பிரஷர் ஏற்ற நினைக்காதீர்கள். குறைந்த பிரஷருக்குக் காரணம் பெரும்பாலும் அந்த ஸ்குரூ அல்ல. முறுக்கியபின் விசையை விடும்போது வரும் அடியில் ஹோஸ் பிளக்கலாம். பம்ப் ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர்ச் சீல் போய்விட்டது. அதற்குமேல் ஓட்டாமல் கடைக்குக் கொடுங்கள்.

எஞ்சின் சோக் மூடியிருந்தால் மட்டும் ஓடி, திறந்தவுடன் நின்றால் காபுரேட்டர் ஜெட்டில் பிசின். ஒரு மாதத்துக்கு மேல் கிடந்த பெற்றோல்தான் காரணம். பெற்றோல் கொக்கை மூடி, காபுரேட்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள 10 மில்லிமீற்றர் போல்ட்டைக் கழற்றுங்கள். கிண்ணம் இறங்கும், ரப்பர் வளையம் நீண்டுவிடாமல் கவனம். நடுவில் இருக்கும் பித்தளை ஜெட்டைத் தட்டை ஸ்குரூட்ரைவரால் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தால் வட்டமான ஒரு புள்ளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் காபுரேட்டர் கிளீனர் அடித்து, மெல்லிய செம்புக் கம்பி இழையை உள்ளே விட்டு அடைப்பை எடுங்கள். ஊசி விட்டால் துளை பெருத்துவிடும். எஞ்சின் பிடிக்கவே இல்லை என்றால் ஒயில் அளவையும் மெஷின் சரிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒயில் சென்சர் இருந்தால், ஒயில் குறைவாகத் தெரியும்போது எஞ்சினை எழும்பவே விடாது. பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர். பிளக், ஓ-ரிங், ஏர் ஃபில்டர் போன்ற சில்லறைச் சாமான்களைப் பஞ்சிகாவத்தைப் பக்கம் தேடலாம். பழையதைக் கையோடு கொண்டுபோனால் அலைச்சல் குறையும்.

வேலை முடிந்ததும் பெற்றோல் கொக்கை மூடி, தண்ணீர் ஓடும்போதே எஞ்சினைத் தானாக நிற்க விடுங்கள், காபுரேட்டர் காலியாகிவிடும். ஹோஸ்களைக் கழற்றி, சுவிட்சை நிறுத்திய நிலையில் கயிற்றை இரண்டு மூன்று தடவை இழுத்தால் பம்பில் நிற்கும் தண்ணீர் வெளியே வரும். வெளிநாட்டுக் கையேடுகள் உறைபனிக்கு மருந்து ஊற்றச் சொல்லும். நமக்கு அது வேண்டாம். நமக்கு எதிரி உப்புக் காற்று. வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்கரைப் பக்க வீடென்றால் ஹோஸ் பூட்டும் பித்தளை இணைப்புகளிலும் கயிற்றுச் சுருளிலும் மெல்லிதாக ஒயில் துடைத்து, எஞ்சின் ஆறியபின் மூடி வையுங்கள். சூடாக இருக்கும்போதே பிளாஸ்ரிக் உறை போட்டால் உள்ளே வியர்த்து, உப்பில்லாமலே துருப்பிடிக்கும்.