விடுதியில் முதல் வாரம்

விடுதிக் காப்பாளராகச் சொல்கிறேன், ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2009 விதிப்படி பெற்றோரும் தனியாக ஒன்று தர வேண்டும். அவர்களையும் படிக்கச் சொல்லுங்கள். கூச்சப்படும் பிள்ளையை மிரட்டி ஆடவைப்பதும் ராகிங்தான். ராகிங் புகாருக்கு 1800-180-5522 இலவச எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள்.

அப்புறம் அந்த ஹீட்டர் ராடு. அறையில் வேண்டவே வேண்டாம். வீட்டில் போட்டாலும் விரல் விட்டுச் சூடு பார்க்காதீர்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொடுங்கள். ஒரு பையன் வாளியோடு விழுந்துகிடந்ததைப் பார்த்தவள் நான். பிழைத்துக்கொண்டான்.

ராத்திரி அழுகை வந்தால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம். இல்லை, என் கதவைத் தட்டுங்கள். எந்த நேரமானாலும் சரி.