பிரிஸ்மா படத்தில் கணக்கு எங்கே உதைக்கிறது?

ஒரு கேள்விக்கு இதுவரை நடந்த ஆய்வுகளைத் திட்டமிட்டுத் தேடித் தொகுக்கும் முறைசார் மீளாய்வுக் கட்டுரை ஒன்று கைக்கு வந்தால், நான் முதலில் புரட்டுவது பிரிஸ்மா பாய்வு வரைபடம் இருக்கும் பக்கத்தைத்தான். தேடலில் எத்தனை கிடைத்தன, எத்தனை விலக்கப்பட்டன, எத்தனை மிஞ்சின என்று பெட்டி பெட்டியாகக் காட்டும் படம் அது. பேனாவை எடுத்துக்கொண்டு மேல் பெட்டியிலிருந்து கீழ்ப் பெட்டி வரை கழித்துக்கொண்டே வருவேன். எங்கேயாவது ஓரிடத்தில் கணக்கு உதைக்கும். ஐந்து கட்டுரைகள் காணாமல் போயிருக்கும், அல்லது மூன்று திடீரென்று முளைத்திருக்கும்.

யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. கட்டுரையை அனுப்புவதற்கு முந்தைய இரவு, பழைய கோப்புகளைத் துழாவி, பாதி நினைவிலிருந்து படத்தை வரைந்தால் இப்படித்தான் ஆகும். கடையைப் பூட்டும் நேரத்தில் ஒரு வருடக் கணக்கை எழுத உட்கார்ந்தால் துண்டு விழாமல் என்ன செய்யும்?

இந்தப் படம் 1999இல் வந்த குவோரம் என்ற பழைய வழிகாட்டுதலிலேயே உண்டு. 2009இல் அதன் இடத்தில் பிரிஸ்மா வந்தது. இப்போது நாம் பின்பற்ற வேண்டியது ‘பிரிஸ்மா 2020’. வெளியானது என்னவோ 2021 மார்ச்சில். ‘பிரிஸ்மா 2020 வழிகாட்டுதலின்படி’ என்று எழுதிவிட்டு 2009 படத்தை ஒட்டிவைப்பது இன்றும் நடக்கிறது. கீழே ‘மெட்டா அனாலிசிஸில் சேர்க்கப்பட்டவை’ என்று (அதாவது, எண்களை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்ட ஆய்வுகளுக்கு) தனிப் பெட்டி இருந்தால் அது பழைய வார்ப்பு. புதியதில் அந்தப் பெட்டியே கிடையாது.

சரி, பெரிய குழப்பத்துக்கு வருவோம். பதிவு, கட்டுரை, ஆய்வு என்ற மூன்றும் வேறுவேறு. பதிவு என்பது தரவுத்தளத்தில் கிடைக்கும் தலைப்பும் சுருக்கமும். கட்டுரை என்பது நாம் தேடிப்பிடித்துப் படிக்கும் முழு ஆவணம். அது இதழில் வருமுன் இணையத்தில் போடும் முன்பதிப்பாகவும் இருக்கலாம், மாநாட்டுச் சுருக்கமாகவும் இருக்கலாம். ஆய்வு என்பது நோயாளிகளை வைத்து உண்மையில் நடந்த அந்த ஒரு வேலை.

கோவிட் காலத்து ரெக்கவரி ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் நடத்தியது. அதில் டெக்ஸாமெத்தசோன் என்ற மருந்தைப் பற்றிய முடிவு 2020 ஜூனில் மெட்ஆர்க்கைவ் தளத்தில் முன்பதிப்பாக வந்தது. ஜூலையில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. போதாததற்கு இரண்டு மருத்துவ ஆய்வுப் பதிவேடுகளில் அதற்குத் தனித்தனி எண்கள். தேடலில் நாலைந்து பதிவுகளாக வந்து விழும். ஆய்வு என்னவோ ஒன்றே ஒன்று. அதில் மருந்து பெற்றவர்கள் 2,104 பேர், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 4,321 பேர். முன்பதிப்பையும் இதழ்க் கட்டுரையையும் இரண்டு ஆய்வுகளாக எண்ணினால், அந்த 6,425 பேரும் உங்கள் மெட்டா அனாலிசிஸுக்குள் இரண்டு முறை நுழைவார்கள். படத்தில் செய்த தவறு படத்தோடு நிற்காது.

அதனால்தான் 2020 படத்தின் கடைசிப் பெட்டியில் இரண்டு எண்களைக் கேட்கிறார்கள்: சேர்த்த ஆய்வுகள் எத்தனை, அவற்றைப் பற்றிய கட்டுரைகள் எத்தனை. இரண்டிலும் ஒரே எண்ணைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பல நேரம் யாரும் யோசிக்கவில்லை என்றுதான் பொருள்.

கணக்கு எப்படி ஓட வேண்டும் என்று ஒரு கற்பனை எடுத்துக்காட்டு பார்ப்போம். மூன்று தரவுத்தளங்களில் கிடைத்தவை: பப்மெட் 412, எம்பேஸ் 638, சென்ட்ரல் 150. மொத்தம் 1,200 பதிவுகள். இரட்டைப் பதிவுகள் 347 போனால் 853. தலைப்பும் சுருக்கமும் பார்த்து 771ஐக் கழித்தால் 82. இந்த 82 கட்டுரைகளையும் தேடியதில் 5 கிடைக்கவில்லை. மீதி 77ஐ முழுதாகப் படித்து 58ஐ விலக்கினால் 19 கட்டுரைகள். அவை 14 ஆய்வுகளைப் பற்றியவை.

துண்டு விழும் முதல் இடம் அந்த 1,200. கோப்புகளை மேற்கோள் மென்பொருளில் ஏற்றி, இரட்டைகளை நீக்கிய பிறகு, ‘முதலில் எத்தனை இருந்தது?’ என்று யோசித்தால் விடை கிடைக்காது. நானே இப்படி மாட்டிக்கொண்டு பழைய தேடலை மறுபடி ஓட்டியிருக்கிறேன். அதற்குள் தரவுத்தளம் வளர்ந்து வேறு எண் காட்டியது. ஒவ்வொரு தளத்திலும் தேடிய அன்றே தேதி, எண், தேடல் வரி மூன்றையும் ஒரு தாளில் குறித்துவிடுங்கள். இந்தியாவின் சிடிஆர்ஐ போன்ற மருத்துவ ஆய்வுப் பதிவேடுகளைத் தரவுத்தளங்களோடு கலக்காமல் தனியாக எழுத வேண்டும். கூகுள் ஸ்காலர் காட்டும் ‘சுமார் 17,000 முடிவுகள்’ போன்ற எண்ணைத் தயவுசெய்து படத்தில் போடாதீர்கள். அது 1,000க்கு மேல் காட்டவே காட்டாது. நீங்கள் முதல் 200ஐத்தான் பார்த்தீர்கள் என்றால் 200 என்றே எழுதுங்கள்.

அடுத்தது அந்த 5. முழுக் கட்டுரை கிடைக்காததை ‘விலக்கப்பட்டவை’ கணக்கில் சேர்த்து மறைப்பது வழக்கமாகிவிட்டது. நம் கல்லூரி நூலகம் சந்தா கட்டவில்லை என்பது அந்த ஆய்வின் குறை இல்லையே! ‘பெறப்படாதவை’ என்று தனிப் பெட்டி இருப்பது இதற்குத்தான். ஆனால் அதில் எண்ணைப் போடும் முன், ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சலாவது அனுப்பிப் பாருங்கள்.

அப்புறம் அந்த 58. தலைப்பும் சுருக்கமும் பார்த்து விலக்கிய 771க்கும் காரணம் எழுதிக் களைத்துப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே எண் போதும். முழுதாகப் படித்து விலக்கியவற்றுக்குத்தான் காரணம் கட்டாயம். ஒரு கட்டுரைக்கு இரண்டு மூன்று காரணங்கள் இருக்கும். எல்லாவற்றையும் எண்ணினால் கூட்டுத்தொகை 58ஐத் தாண்டிவிடும். நோயாளிகள், சிகிச்சை, ஒப்பீடு, ஆய்வு வடிவம் என்று ஒரு வரிசையை முன்கூட்டியே முடிவு செய்து, முதலில் இடறும் காரணத்தை மட்டும் பதியுங்கள். ‘நாங்கள் தேடிய விளைவு கட்டுரையில் இல்லை’ என்று விலக்குவதில் கூடுதல் கவனம் வேண்டும். ஆய்வை நடத்தியவர்கள் அதை அளந்திருக்கலாம், சாதகமாக வராததால் எழுதாமல் விட்டிருக்கலாம். ‘தொடர்பற்றது: 40’ என்பதெல்லாம் காரணமே இல்லை.

சேர்த்திருக்க வேண்டியது போலத் தோன்றி விலக்கப்பட்டவற்றின் பட்டியலையும் காரணத்தோடு தரச் சொல்கிறது பிரிஸ்மா. பெட்டியில் எண் இருக்கிறதே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

கடைசியாக, திருத்தக் கட்டம். ‘இந்தக் கட்டுரையை விட்டுவிட்டீர்களே’ என்று மதிப்பாய்வாளர் ஒன்றைக் காட்டுவார். தகுதியானதுதான் என்றால் சேர்த்துவிட்டு, 14ஐ 15 ஆக்கி அனுப்பிவிடுவோம். அது வேறு வழியில் கிடைத்த கட்டுரை. ஆகவே படத்தின் வலது பத்தியில் கண்டறிந்தது, தேடியது, படித்தது என்று ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்று ஏறி, கடைசிப் பெட்டியில் 15 ஆய்வுகள், 20 கட்டுரைகள் என்று வர வேண்டும். ஆய்வுச் சுருக்கத்திலும் முடிவுகள் பகுதியின் முதல் வரியிலும் அட்டவணையின் தலைப்பிலும் பழைய 14 இன்னும் உட்கார்ந்திருக்கும்.