கியூஜிஐஎஸ் பழக நம்ம ஊர்க் குளங்கள் போதும்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து நண்பர்களே, கணினியில் வரைபடம் தயாரிக்கும் கியூஜிஐஎஸ் பழக உங்கள் ஊர்க் குளங்களையே வரையுங்கள். மென்பொருள் இலவசம், பின்னணிக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடம்.

வரைந்த குளங்களின் அடுக்கை (லேயர்) ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவிலேயே சேமியுங்கள். ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவில் புலத்தின் (அட்டவணைப் பத்தியின்) பெயருக்கு 10 பைட்தான் இடம். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் ‘கு’வுக்கே 6 பைட் போய்விடும், ‘குளத்தின் பெயர்’ எப்படி நிற்கும்?

குளத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் எத்தனை கிணறு என்று பார்க்க பஃபர், அதாவது சுற்று எல்லை, போடுவீர்கள். அதற்கு முன் லேயரை மீட்டரில் அளக்கும் ஆயமுறைக்கு மாற்றிவிடுங்கள்; அதன் எண் இபிஎஸ்ஜி 32643. அட்சரேகை, தீர்க்கரேகையை டிகிரியில் தரும் 4326-லேயே விட்டால் 500-ஐ டிகிரியாக எடுத்துக்கொள்ளும். வாளையாறு தாண்டிக் கோவைக்கும் இதே எண்தான். ஆந்திரச் சித்தூர்க்காரர்களுக்கு 32644. அவர்கள் 78 டிகிரி தீர்க்கரேகைக்குக் கிழக்கே, அடுத்த மண்டலத்தில் இருக்கிறார்கள்.

பெரியவர்களிடம் கேட்டு, குளத்தின் பெயரைத் தமிழுக்கு ஒன்று, மலையாளத்துக்கு ஒன்று எனத் தனிப் புலங்களில் கட்டாயம் எழுதுங்கள்.