லைபேஸ் 1,200 என்றால் நோய் முற்றிவிட்டதா? கணைய அழற்சி ரத்தப் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேல் வயிற்றில் தாங்க முடியாத வலி. முதுகு வரை பாய்கிறது, வாந்தியும் நிற்கவில்லை. கேஷுவாலிட்டியில் ரத்தம் எடுக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் ரிப்போர்ட் வருகிறது: லைபேஸ் 1,200. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு 400தானாம். 'அவருக்குப் பரவாயில்லை, நமக்குத்தான் மூன்று மடங்கு' என்று வீட்டார் அழத் தொடங்கிவிடுகிறார்கள்.

திடீர் கணைய அழற்சியில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். லைபேஸ், அமைலேஸ் இரண்டும் கணையம் சுரக்கும் நொதிகள். கணையம் புண்படும்போது அவை ரத்தத்தில் கசிகின்றன. எவ்வளவு கசிந்தது என்பதற்கும் நோய் எவ்வளவு மோசம் என்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பித்தப்பைக் கல் நகர்ந்து வந்த அழற்சியில் எண் ஆயிரக்கணக்கில் ஏறி, ஆள் நாலைந்து நாளில் நன்றாக எழுந்து நடப்பார். பல வருடம் குடித்துக் கணையம் நைந்துபோனவருக்குச் சுரக்கவே அதிகம் இருக்காது. எண் சற்றே ஏறியிருக்கும், ஆளோ ஐசியுவில் இருப்பார்.

அப்படியானால் தீவிரத்தை எதில் பார்ப்பது? ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, மூச்சு, சிறுநீர் அளவு, சுயநினைவு இவற்றில்தான். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் யூரியா, கிரியேட்டினின், ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று காட்டும் ஹீமட்டோக்ரிட் ஆகியவை நாளுக்கு நாள் ஏறுகின்றனவா, இறங்குகின்றனவா என்று கவனிக்க வேண்டும். உடலில் அழற்சியின் அளவைக் காட்டும் சிஆர்பி 48 மணி நேர அளவில் லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டினால் எச்சரிக்கை. சிறுநீரகம், நுரையீரல், ரத்த ஓட்டம் இவற்றில் ஏதாவது ஒன்று 48 மணி நேரத்துக்கு மேல் செயலிழந்து நின்றால்தான் மருத்துவர்கள் 'கடுமையானது' என்கிறார்கள். ஆகவே ஒருமுறை நோய் உறுதியான பிறகு தினமும் லைபேஸ் எடுப்பது வீண் செலவு. காலையில் டாக்டர் வந்ததும் 'இன்னிக்கு லைபேஸ் எவ்வளவு சார்?' என்று கேட்பதைவிட, 'யூரின் சரியாகப் போகிறதா, யூரியா இறங்குதா?' என்று கேளுங்கள்.

நோயைக் கண்டறிவதற்கு 2012-இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வரையறையைத்தான் உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். இந்த நோய்க்கே உரிய வயிற்றுவலி. லைபேஸ் அல்லது அமைலேஸ் இயல்பின் உச்ச அளவைப் போல் குறைந்தது மூன்று மடங்கு. ஸ்கேனில் தெரியும் மாற்றம். இந்த மூன்றில் இரண்டு இருந்தால் போதும். வலியும் எண்ணும் பொருந்திவிட்டால், உறுதிப்படுத்த மட்டும் முதல் நாளே சிடி ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. வலி மட்டும் பொருந்தி எண் பொருந்தாவிட்டால் ஸ்கேன் பார்க்காமல் 'கணையம் இல்லை' என்று அனுப்பவும் கூடாது.

மூன்று மடங்கு என்பது எதைப் போல் மூன்று மடங்கு? இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு லேபில் லைபேஸின் உச்ச அளவு 60 என்று இருக்கும். வேறு மெஷின் வைத்திருக்கும் லேபில் அது 400-ஐ ஒட்டி இருக்கும். லைபேஸ் 300 என்றால் முதல் லேப் கணக்கில் ஐந்து மடங்கு, இரண்டாவதில் நார்மல். ஊர் லேபில் எடுத்த எண்ணையும் பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்து 'ஏறிவிட்டது' என்று சொல்லவே முடியாது. எண்ணுக்கு எதிரே அச்சிட்டிருக்கும் இயல்பு அளவை முதலில் பாருங்கள்.

அடுத்தது நேரம். அமைலேஸ் சில மணி நேரத்தில் ஏறி, மூன்று முதல் ஐந்து நாளில் இறங்கிவிடும். லைபேஸ் ஏறக்குறைய ஒரு நாளில் உச்சத்தைத் தொட்டு, ஒன்று இரண்டு வாரம் வரை உயர்ந்தே இருக்கும். நம் ஊரில் மேல் வயிற்று வலி என்றாலே கேஸ் ட்ரபிள்தான். சோடா, ஓமத் தண்ணீர், மெடிக்கலில் வாங்கிய மாத்திரை என்று மூன்று நாள் ஓட்டிவிட்டு நாலாம் நாள் வருபவருக்கு அமைலேஸ் மட்டும் பார்த்தால் நார்மல் என்றே வரலாம். பொன்னுக்கு வீங்கி போன்ற உமிழ்நீர்ச் சுரப்பி நோயிலும் அமைலேஸ் ஏறும். எனவே லைபேஸே மேல். அது இருக்கும்போது கூடவே அமைலேஸும் கேட்பதால் பெரிதாக எதுவும் கிடைக்காது.

எதிர்த்திசைத் தவறு இதைவிட ஆபத்தானது. லைபேஸ் ஏறியிருக்கிறது, அதனால் கணையம்தான் என்று முடிவு கட்டுவது. சிறுநீரகச் செயலிழப்பு, பித்தப்பை அழற்சி, சர்க்கரை நோயில் ரத்தம் அமிலமாகிவிடும் கீட்டோஅசிடோசிஸ், குடல் அடைப்பு, குடல் ஓட்டை, குடலுக்கு ரத்தம் போகாமல் அடைபடுவது என எல்லாவற்றிலும் இந்த நொதிகள் ஏறலாம். கடைசி மூன்றிலும் அவசர அறுவை சிகிச்சை தேவைப்படலாம். கணையம் என்று நினைத்து ட்ரிப்ஸ் போட்டுக் காத்திருந்தால் உயிர் போய்விடும். அப்புறம் ஈசிஜி. மாரடைப்பும் மேல் வயிற்று வலியாக வரும் என்பதால் அதை எடுக்காமல் விடவே கூடாது.

காரணத்தைத் தேடும் பரிசோதனைகளை முதல் ரத்தத்திலேயே கேட்டுவிட வேண்டும். கல்லீரல் நொதியான ஏஎல்டி 150-ஐத் தாண்டியிருந்தால் பித்தப்பைக் கல் என்ற சந்தேகம் வலுக்கிறது. அது எவ்வளவு இருந்தாலும் வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட் உண்டு. கால்சியமும் பார்க்க வேண்டும். ரத்தத்தில் உள்ள கொழுப்பான ட்ரைகிளிசரைடு 1,000-ஐத் தாண்டினால் அதுவே கணைய அழற்சிக்குக் காரணமாகலாம். அப்படிப்பட்டவரின் ரத்தத்தைக் குழாயில் வைத்துச் சுழற்றினால் மேலே தெளிவான மஞ்சள் நீருக்குப் பதில் பால் போல வெள்ளையாக நிற்கும். அந்தக் கொழுப்பு குறுக்கிட்டு அமைலேஸைப் பொய்யாக நார்மல் என்று காட்டுவதும் உண்டு. சாப்பிடாமல் ட்ரிப்ஸில் இரண்டு நாள் இருந்தாலே ட்ரைகிளிசரைடு மளமளவென்று இறங்கிவிடும், தாமதமாக எடுத்தால் காரணம் கைநழுவிவிடும்.

வலியே இல்லாமல், மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் லைபேஸ் கொஞ்சம் கூடியிருந்தால் அது திடீர் கணைய அழற்சி அல்ல. சர்க்கரைக்குக் கொடுக்கும் சில மருந்துகளாலும் இப்படிக் கூடலாம். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

இன்னொரு பழைய வழக்கம், லைபேஸ் நார்மலுக்கு வரும்வரை நோயாளியைப் பட்டினி போடுவது. லேசான அழற்சியில் வலி குறைந்து, வாந்தி நின்று, பசி எடுத்தால் 24 மணி நேரத்திலேயே சாப்பாடு தொடங்கலாம் என்பதுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். எண்ணெய் குறைவான இட்லி, இடியாப்பம், ரசம் சாதம் போதும். அன்றைய லைபேஸ் 500 என்று இருந்தாலும் சரி.