கெர்னலுக்கு பேட்ச் போடுமுன்: எந்தப் பதிப்பின் மேல் என்று பாருங்கள்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதிதான் கெர்னல். அதன் சோர்ஸில் (மூலநிரலில்) செய்ய வேண்டிய மாற்றங்களைச் சொல்லும் கெர்னல் பேட்ச் என்பது வெறும் எழுத்துக் கோப்பு. மைனஸ் குறியோடு இருக்கும் வரி நீங்க வேண்டியது, பிளஸ் குறியோடு இருப்பது சேர வேண்டியது. முன்னும் பின்னும் வழக்கமாக மும்மூன்று வரிகள் இடத்தை அடையாளம் காட்டும். புதியவர்களுக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, இந்தப் பேட்ச் எந்தப் பதிப்பை வைத்து எழுதப்பட்டது என்று பார்க்காமல் இறங்குவதால் வருபவை.

ஒருவரிடம் 6.6.4 சோர்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கெர்னலின் அதிகாரப்பூர்வ தளமான கெர்னல் டாட் ஆர்க்கில் 6.6.5-க்கான பேட்ச்சை இறக்கி அதன் மேலேயே போடுகிறார். திரை முழுக்க பிழைச் செய்திகள். அந்தப் பேட்ச் 6.6-இன் மேல் போட வேண்டியது, 6.6.4 வரை நடந்த மாற்றங்களும் அதற்குள்ளேயே இருக்கின்றன. எனவே முதலில் 6.6.4 பேட்ச்சை ‘ஆர்’ (பெரிய எழுத்து) ஆப்ஷனோடு கழற்றி 6.6-க்குத் திரும்ப வேண்டும், அப்புறம்தான் 6.6.5. 6.7-க்குப் போவதற்கும் இதே விதிதான்: அதன் பேட்ச்சும் 6.6-இன் மேல்தான் பொருந்தும். 6.6.4-இலிருந்து நேராக 6.6.5-க்குப் போகும் பேட்ச்களும் அதே தளத்தில் ‘இன்க்ர்’ என்ற தனி ஃபோல்டரில் கிடைக்கின்றன.

உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகள் தரும் கெர்னலில் அவர்களே சேர்த்த மாற்றங்கள் நிறைய இருக்கும். உபுண்டுவில் பதிப்பு 5.15.0 என்று தெரிந்தாலும், உள்ளே இருப்பது மூல 5.15 அல்ல, பின்னால் வந்த திருத்தங்கள் பலவும் சேர்ந்திருக்கும். கற்றுக்கொள்ளும் காலத்தில் கெர்னல் டாட் ஆர்க்கின் மூல சோர்ஸிலேயே பழகுவதுதான் நல்லது. குறித்த நேரத்துக்குள் முடிந்தாக வேண்டிய ரியல் டைம் வேலைக்காக பிரீஎம்ப்ட் ஆர்டி பேட்ச் தேடுபவர்கள் முதலில் தங்கள் பதிப்பைப் பார்க்கட்டும். 2024 நவம்பரில் வந்த 6.12 முதல் எக்ஸ்86, ஆர்ம்64, ரிஸ்க்-வி ஆகிய பிராசஸர் வகைகளுக்கு அது கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. கெர்னலின் அமைப்புகளைக் குறிக்கும் கான்ஃபிகில் தேர்ந்தெடுத்தால் போதும்.

சரி, பதிப்பு பொருந்திவிட்டது. சோர்ஸின் மேல்மட்ட ஃபோல்டரில் நின்று ‘பி1’ ஆப்ஷனோடு பேட்ச் கமாண்டைக் கொடுங்கள். பேட்ச்சில் ஃபைல் பாதைகள் ‘ஏ’, ‘பி’ என்ற முன்னொட்டோடு தொடங்கும். அந்த ஒரு படியை வெட்டச் சொல்வதுதான் பி1. எந்த ஃபைலுக்கு என்று கேட்டு நின்றால் ஊகித்துப் பெயர் எழுதாதீர்கள். கன்ட்ரோல் சி கொடுத்து வெளியே வந்து, நிற்கும் இடத்தைச் சரிபாருங்கள். உண்மையாகப் போடுமுன் ‘டிரை ரன்’ ஆப்ஷனில் ஒருமுறை ஓட்டினால் எந்த ஃபைலும் மாறாமலே முடிவு தெரிந்துவிடும்.

செய்திகளைப் படிக்காமல் கடப்பதுதான் மிக ஆபத்தான பழக்கம். ‘ஆஃப்செட்’ என்றால் இடம் சில வரிகள் தள்ளியிருந்தது என்று பொருள்; பெரும்பாலும் பயமில்லை. ‘ஃபஸ்’ அப்படியல்ல. அடையாள வரிகளில் சில பொருந்தாததால் அவற்றைக் கண்டுகொள்ளாமல் மாற்றத்தைச் செருகிவிட்டேன் என்கிறது. பேட்ச் நிரலை 1985-இல் லாரி வால் எழுதியதே, சற்று மாறிப்போன சோர்ஸிலும் வேலை நடக்கட்டும் என்றுதான். ஆனால் டிரைவர் கோடில் ஒன்றுபோலவே தோன்றும் ஃபங்ஷன்கள் அடுத்தடுத்து இருக்கும். தவறான ஃபங்ஷனுக்குள் போய் உட்கார்ந்தாலும் கம்பைல் ஆகிவிடும். ஃபஸ் வந்தால் அந்த இடத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள்.

‘ஃபெயில்டு’ வந்தால் அந்தப் பகுதி மட்டும் ‘ரெஜ்’ என்று முடியும் ஃபைலில் ஒதுக்கப்படும். மற்ற பகுதிகள் ஏறியிருக்கும். அதாவது சோர்ஸ் இப்போது அரைகுறை. அப்படியே கம்பைல் செய்யும் ‘மேக்’ கமாண்டைக் கொடுக்க வேண்டாம். ‘ரிவர்ஸ்டு’ என்று கேள்வி வந்தால், பெரும்பாலும் அந்தப் பேட்ச் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. அவசரத்தில் ‘ஒய்’ அழுத்தினால் இருந்ததும் கழன்றுவிடும்.

கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவியான கிட் தெரிந்தவர்கள் தனி பிராஞ்சில் (கிளையில்) வேலை செய்யலாம். ‘கிட் அப்ளை’ ஒரு பகுதி பொருந்தாவிட்டாலும் எதையும் மாற்றாது, ஃபஸ் ஊகமும் செய்யாது. மின்னஞ்சலாக வந்த பேட்ச்சுக்கு ‘கிட் ஏஎம்’ பொருத்தம்; பாதியில் நின்றால் ‘அபார்ட்’ கொடுத்துப் பழைய நிலைக்கு வரலாம். எந்த வழியானாலும் பிரவுசரிலிருந்து காப்பி பேஸ்ட் செய்யாதீர்கள். கெர்னல் கோடில் உள்தள்ளலுக்கு டேப்தான். ஒட்டும்போது அது ஸ்பேஸாக மாறினால் எந்த வரியும் பொருந்தாது. மூல ஃபைலை அப்படியே இறக்குங்கள்.

பேட்ச் போடவும் கம்பைல் செய்யவும் சூடோ (நிர்வாகி அனுமதி) தேவையில்லை. நிறுவும் கட்டத்தில் மட்டும் போதும். கான்ஃபிகில் ‘லோக்கல் வெர்ஷன்’ இடத்தில் உங்களுக்கென ஒரு பெயர் கொடுங்கள். கொடுக்காவிட்டால், அதே பதிப்பு கெர்னல் ஏற்கெனவே இருக்கும் கணினியில் அதன் மாட்யூல்கள் (தேவைப்படும்போது ஏற்றப்படும் பகுதிகள்) மேலேயே புதியவை எழுதப்பட்டுவிடும். அப்புறம், கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தாலும் அது ஒழுங்காக எழும் என்று நம்ப முடியாது.