ராமோன்ஸின் முதல் ஆல்பத்தோடு சேர்ந்து கிட்டார் வாசிப்பது எப்படி?

கிட்டார் வாங்கிச் சில மாதங்கள் ஆகியும் ஒரு பாட்டைக்கூட முழுசாக வாசிக்க முடியவில்லையா? ராமோன்ஸ் என்ற பங்க் ராக் குழு 1976இல் தங்கள் பெயரிலேயே வெளியிட்ட முதல் ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் பகுதியில் பழகிய நால்வர், சிபிஜிபி என்ற கிளப்பில் காது கிழிய வாசித்துப் பெயர் வாங்கியவர்கள். ஏறக்குறைய ஒரே வாரத்தில், சுமார் 6,400 டாலர் செலவில் பதிவை முடித்தார்கள். 14 பாடல்கள், மொத்தமே 29 நிமிடம். நீளமான சோலோ எதுவும் கிடையாது. பங்க் ராக் என்றால் வெறும் கூச்சல் என்று நினைத்திருந்த எனக்கு, ஒழுங்காக ரிதம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது இந்த ஆல்பம்தான்.

படி 1: இரண்டு காதையும் பிரித்துக் கேளுங்கள்

ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்கள். பேஸ் கிட்டார் இடது காதில், கிட்டார் வலது காதில், டிரம்ஸும் குரலும் நடுவில். இப்படித்தான் இதை மிக்ஸ் செய்திருக்கிறார்கள். வலது பக்கத்தை மட்டும் கேட்டால் குழுவின் கிட்டார் கலைஞர் ஜானி ராமோனின் கை என்ன செய்கிறது என்று தெளிவாகத் தெரியும். 2016இல் வந்த 40ஆம் ஆண்டுப் பதிப்பில் மோனோ மிக்ஸும் உண்டு. அதில் இந்தப் பிரிவினை இருக்காது. அதனால் ஸ்டீரியோ பதிப்பைத்தான் போடுகிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போனில் மோனோ ஆடியோ என்ற வசதி ஆன் ஆகியிருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

படி 2: மூன்று கார்டுகள்

முதல் பாடலான ‘பிளிட்ஸ்கிரீக் பாப்’பில் தொடங்கலாம். அதன் தொடக்கம் ஏ, டி, ஈ என்ற மூன்று மேஜர் கார்டுகளில் (கார்டு என்றால் பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடி) சுற்றி வருகிறது. ஆறாவது கம்பியில் 5ஆம் ஃப்ரெட்டில் ஏ, ஐந்தாவது கம்பியில் 5ஆம் ஃப்ரெட்டில் டி, அதே கம்பியில் 7ஆம் ஃப்ரெட்டில் ஈ. ஜானி முழு பார் கார்டு, அதாவது ஒரே விரலைக் குறுக்கே வைத்துக் கம்பிகளை அழுத்தும் பிடி, பிடிப்பார். உங்கள் விரல் அதற்கு இன்னும் பழகவில்லை என்றால் இரண்டு மூன்று கம்பிகளை மட்டும் அழுத்தும் பவர் கார்டு போதும். எந்த இடத்தில் கார்டு மாறுகிறது என்பதைத் தாளில் பார்க்காமல் காதால் பிடியுங்கள். மூன்று நாளில் வந்துவிடும்.

படி 3: எல்லா அடியும் கீழ்நோக்கி

இதுதான் விஷயமே. பெரும்பாலானவர்கள் வேகம் கூடியதும் பிக்கை மேலும் கீழும் ஆட்டுவார்கள். ஜானி அப்படிச் செய்யமாட்டார், அத்தனையும் டவுன்ஸ்ட்ரோக். அந்தப் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 175 பீட். ஒரு பீட்டுக்கு இரண்டு அடி என்றால் நிமிடத்துக்கு 350 அடி, நொடிக்குக் கிட்டத்தட்ட ஆறு! மேல்நோக்கி அடித்தால் மெல்லிய கம்பிகள் முதலில் ஒலித்து அடி லேசாகிவிடும். கீழ்நோக்கியே அடித்தால் ஒவ்வொரு அடியும் ஒரே கனத்தில் விழும். அந்த இரும்புச் சுவர் மாதிரியான சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

மெட்ரோனோமை (தாளம் தட்டிக் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 80 பீட்டில் வையுங்கள். ஏ கார்டை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நிறுத்தாமல் அடியுங்கள். மணிக்கட்டு மட்டும் அசையட்டும், முழங்கை வேண்டாம். பிக்கின் நுனி கொஞ்சம்தான் வெளியே தெரிய வேண்டும், அதிகம் நீட்டினால் கம்பியில் மாட்டும். அடிகள் சீராக விழுந்தால் அடுத்த நாள் 5 கூட்டுங்கள். சீராக இல்லையென்றால் அதே வேகத்தில் இன்னொரு நாள். முதல் வாரத்திலேயே 150ஐத் தொடப் பார்த்து மணிக்கட்டு வீங்கி நான் பத்து நாள் கிட்டாரைத் தொடவில்லை. வலித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அப்புறம், ஜானி மாதிரி கிட்டாரை இடுப்புக்குக் கீழே தொங்கவிடும் ஆசையையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். மணிக்கட்டு மடங்கிப் பார் கார்டு பிடிக்க வராது.

படி 4: ஜானியின் இடத்தில் நீங்கள்

வேகம் 160ஐத் தாண்டியதும் ஹெட்ஃபோனின் வலது பக்கத்தைக் கழற்றிவிடுங்கள். இப்போது கேட்பது பேஸ், டிரம்ஸ், குரல் மட்டும். காலியான அந்த வலது பக்கத்தை நீங்கள் நிரப்ப வேண்டும். தடுமாறினால் நிறுத்தாமல் அடுத்த ஏ கார்டில் சேர்ந்துகொள்ளுங்கள். பேஸ் வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் அவரை இடது பக்கத்தைக் கழற்றச் சொல்லி, இருவரும் ஒரே நேரத்தில் பாட்டைப் போடுங்கள்.