ஓய்வூதிய நிதியை வாடகை வீடுகளில் முதலிடும் முன்

நெதர்லாந்தில் நகர வாடகைக் குடியிருப்புகளில் முதலிட எண்ணும் ஓய்வூதிய நிதியின் அறங்காவலர்கள், ஏபிஜி உள்ளிட்ட ஓய்வூதிய அமைப்புகள் 2009-இல் தொடங்கிய, கட்டட முதலீடுகள் சுற்றுச்சூழலை எந்த அளவு பேணுகின்றன என்று மதிப்பெண் இடும் கிரெஸ்ப் (GRESB) நிலைத்தன்மை மதிப்பீட்டை முதலில் பார்க்கலாம். ஆனால் அந்த மதிப்பெண்ணோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு வீடும் எவ்வளவு ஆற்றல் சிக்கனமானது என்று தரம் குறிக்கும் ஆற்றல் சான்றிதழைக் கேட்டு வாங்கி, கடைசித் தரமான ‘ஜி’யில் கிடக்கும் பழைய வீடுகளின் சுவருக்கும் கூரைக்கும் வெப்பக்காப்பு இடவும், வீட்டைச் சூடாக்கும் எரிவாயுக் கொதிகலனை அகற்றி, மின்சாரத்தில் இயங்கும் வெப்ப பம்பு பொருத்தவும் ஆகும் செலவை, வாங்கும் விலையிலேயே கழித்துப் பேச வேண்டும். 10 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட தொகுதியில், குடியிருப்போரில் 70 சதவீதத்தினர் ஒப்புக்கொண்டால் புதுப்பிப்புத் திட்டம் நியாயமானதென்று சட்டம் கொள்ளும். ஆகவே, வாடகை உயர்வைக் கணக்கிடும் முன்பே குடியிருப்போர் சங்கத்தைச் சந்தித்து, அவர்களுடைய குளிர்கால எரிவாயுக் கட்டண ரசீதுகளைப் பார்த்துவிடுங்கள். எந்தச் சான்றிதழையும்விட அவை வெளிப்படையாகப் பேசும்.